டிக்போர்டு வீதியில் ஒரு பகல்

இங்கிலாந்துக்குப் போய்விட்டு வந்தவர்கள் லண்டன் கோபுரத்தைப் பற்றியும், தேம்ஸ் நதியைப் பற்றியும், ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டைப் பற்றியும் எழுதுவதுதான் சம்பிரதாயம். அந்தச் சம்பிரதாயத்தை மீறுவதற்காக வாசகர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் எழுதப் புகுந்திருப்பது, லண்டனுக்கு வடமேற்கே சுமார் ஐம்பது மைலில் உள்ள ஒரு சிற்றூரைப் பற்றி. அந்த ஊரில் உள்ள ஒரே ஒரு வீதியைப் பற்றி. அந்த வீதியில் ஒரு காலத்தில் கையாலேயே தட்டிச் செய்யப்பட்ட மோட்டார் வண்டிகளைப் பற்றி.

"பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கும் லட்சக்கணக்கான பவுன் விலையுள்ள மோட்டார் வண்டிக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். வாங்குவதற்குத்தான் யோக்கியதை வேண்டும். பார்ப்பதற்கு பஸ் சார்ஜ் இருந்தால் போதுமல்லவா?

சில வருஷங்களுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில், என் தங்கையையும் அவள் கணவரையும் பார்ப்பதற்காக மில்டன் கீன்ஸ் என்னும் புது நகரத்துக்குப் போயிருந்தேன். அங்கே மாப்பிள்ளைக்கு இஞ்சினீயர் உத்தியோகம். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னார்: "மச்சான், நாளைக்கு லண்டன் வேண்டாம். பக்கத்து ஊரிலே பழைய கார்களை ஏலம் போடுகிறார்கள். மாமாவுடைய கையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவர் நீங்கள், உங்களுக்குப் பிடிக்கும்."

அவர் 'மாமா' என்று குறிப்பிட்டது காலஞ்சென்ற என் தகப்பனாரை. மாயவரத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வாடகைக் கார் ஓட்டியவர் அவர். அந்தப் பேச்சைக் கேட்டதும் என் தொண்டையில் ரொட்டி சற்றே அடைத்துக்கொண்டது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

துறைமுகம் இல்லாத ஊர்

அந்த ஊருக்கு நியூபோர்ட் பாக்னெல் என்று பெயர். 'போர்ட்' என்று இருக்கிறதே, கடல் எங்கே என்று தேடினால் ஏமாந்து போவீர்கள். பழைய ஆங்கிலத்தில் 'போர்ட்' என்பதற்குச் சந்தை கூடும் ஊர் என்றும் பொருள் உண்டு. பாக்னெல் என்பது நார்மானியர் காலத்தில் அந்த ஊரை ஆண்ட குடும்பத்தின் பெயர். ஆகவே, நம்முடைய வழக்கப்படி சொன்னால் 'பாக்னெலார் புதுச்சந்தை' என்று ஆகிறது. கடல் இல்லாவிட்டாலும் ஆற்றுக்குக் குறைவில்லை. ஊஸ் என்னும் பெரிய ஆறும் ஊஸல் என்னும் சிறிய ஆறும் அங்கே கூடுகின்றன. அந்த ஊருக்கென்று ஒரு கிளை ரயில் இருந்தது. 1964-ல் அதில் பிரயாணிகள் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். இப்போது மில்டன் கீன்ஸிலிருந்து பஸ்ஸில்தான் போக வேண்டும்.

தமிழ் படித்தவர்களுக்கு அந்த ஊர் முற்றிலும் அந்நியமல்ல. இங்கிலாந்தில் அரசருக்கும் பார்லிமெண்டுக்கும் யுத்தம் நடந்தபோது, பார்லிமெண்டுப் படையில் சேர்ந்து 1644 முதல் இந்த ஊர்க் காவலில் இருந்த ஒரு வாலிபரின் பெயர் ஜான் பனியன். அவர் பிற்காலத்தில் எழுதிய நூலைத் தழுவித்தான் கிருஷ்ண பிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். ஒரு யாத்திரை நூலின் ஆசிரியர் சிப்பாயாக நின்ற ஊரில், பிற்காலத்தில் யாத்திரைக்கென்றே வண்டி செய்தார்கள் என்பது சற்று வேடிக்கையான பொருத்தந்தான்.

கடைத்தெருவைத் தாண்டினால் டிக்போர்டு பாலம். வார்ப்பு இரும்பினால் ஆன ஒற்றை வளைவு. 1810-ல் கட்டியது. கட்டை வண்டியையும் குதிரை வண்டியையும் எதிர்பார்த்துக் கட்டிய அந்தப் பாலத்தின் மேல் இன்றும் மோட்டார்கள் போகின்றன. ஒரு சங்கதி எனக்கு உடனே விளங்கிற்று: செய்த பொருளைச் செவ்வையாகச் செய்து, பிறகு கைவிடாமல் பராமரிப்பது என்ற பழக்கம் இந்த ஊர்க் காற்றிலேயே இருக்கிறது. கன்றின் தோலையும் ஆட்டின் தோலையும் இழுத்துக் கட்டி, பிறைபோன்ற கத்தியால் சுரண்டி, எழுதும் தோலாக்குகிற பட்டறை ஒன்றும் அந்த ஊரில் 1870 முதல் நடந்து வருகிறது. பிரிட்டிஷ் பார்லிமெண்டின் சட்டங்கள் வெகுகாலம் வரையில் அத்தகைய தோலில்தான் அச்சாயின.

பாலத்தைக் கடந்ததும் ஆரம்பிக்கிறது டிக்போர்டு வீதி.

தகட்டுக்கு வந்த உருவம்

அந்த வீதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸால்மன்ஸ் என்ற குடும்பத்தார் குதிரை வண்டிகளுக்குக் கூடு கட்டி வந்தார்கள். மோட்டார் வந்ததும் மோட்டாருக்குக் கூடு கட்டினார்கள்.

வேறொரு புறத்தில், லியோனல் மார்ட்டின், ராபர்ட் பாம்போர்டு என்ற இருவர் 1913-ல் ஒரு கார்க் கம்பெனி தொடங்கினார்கள். அதே பக்கிங்ஹாம் ஜில்லாவில் ஆஸ்டன் குன்று என்று ஒன்று உண்டு. அந்தக் குன்றின் மேல் மார்ட்டின் காரை ஏற்றி ஜயித்ததனால் 'ஆஸ்டன் மார்ட்டின்' என்ற பெயர் ஏற்பட்டது. பெயர் ஓங்கியதே தவிர, கம்பெனியின் கையில் பணம் ஓங்கவில்லை. கைமாறிக் கைமாறி, 1947-ல் டேவிட் பிரவுன் என்ற பல்சக்கர உற்பத்தியாளர் அதை வாங்கினார். விலை 20,500 பவுன். அவருடைய பெயரின் முதல் எழுத்துக்களே 'டிபி' என்று கார்களின் பெயரில் ஏறின. சில வருஷங்களில் டிக்போர்டு வீதிக் கூடு கட்டும் பட்டறையையும் அவர் வாங்கினார். 1950-களின் கடைசியில் கார் உற்பத்தி முழுவதும் அங்கே வந்து சேர்ந்தது.

இங்கே 'கிராண்ட் டூரிங்' என்ற சொல்லுக்குப் பொருள் சொல்ல வேண்டும். பந்தயத்துக்கென்று மட்டும் செய்த கார் வேகமாக ஓடும். ஆனால் அதில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு ஒடிந்துவிடும். பிரபுக்களின் கார் சொகுசாக இருக்கும். ஆனால் மாப்பிள்ளை ஊர்வலம் போலத்தான் நகரும். இரண்டு பேர், தங்கள் பெட்டி படுக்கையுடன், காலையில் புறப்பட்டு, நாடு விட்டு நாடு தாண்டி, இரவு அலுப்பில்லாமல் போய் இறங்குவதற்கென்று செய்த வண்டியே கிராண்ட் டூரிங் வண்டி.

அந்த ஜாதியில் உச்சியில் வைத்துச் சொல்லத்தக்கது 1963-ல் வெளிவந்த டிபி5. அதற்கு முன் 1958-ல் வந்த டிபி4-க்கு உருவம் வரைந்து கொடுத்தவர்கள் இத்தாலியில் மிலான் நகரத்து டூரிங் கம்பெனியார். என்ஜினை வகுத்தவர் தாதேக் மாரெக் என்ற போலந்துக்காரர். செய்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். ஆறு ஸிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும் அந்த அலுமினிய என்ஜினைப் பெரிதாக்கி, 3,995 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 282 குதிரை சக்தியும் உடையதாக்கி டிபி5-ல் வைத்தார்கள். வேகம் மணிக்கு 145 மைல். விலை நாலாயிரம் பவுனுக்கு மேல். அந்தக் காலத்தில் அது ஒரு வீட்டு விலை. 1965 வரையில் செய்த வண்டிகள் ஆயிரத்துச் சொச்சமே. 1964-ல் 'கோல்ட்பிங்கர்' என்ற ஜேம்ஸ் பாண்டு சினிமாவில் அது வந்ததும், காரைக் கண்ணால் காணாதவர்களுக்கும் அது தெரிந்ததாயிற்று.

உடல் செய்யும் முறைதான் விசேஷமானது. அடித்தளத்தின் மேல் மெல்லிய எஃகுக் குழாய்களை வளைத்து, ஒட்டி, காரின் வடிவத்தில் ஒரு கூடு கட்டுகிறார்கள். கார்த்திகைச் சொக்கப்பனைக்கோ தேருக்கோ மூங்கில் கட்டுவதுபோல. அதன் மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்துகிறார்கள். 'மிக இலேசானது' என்று பொருள்படும் 'சூப்பர்லெஜ்ஜரா' என்ற இத்தாலியப் பெயர் இந்த முறைக்கு உரியது. தட்டையான தகட்டுக்கு வளைவு வருவது எப்படி? மேலே ஒரு பெரிய சக்கரம், கீழே ஒரு சிறிய சக்கரம். இரண்டுக்கும் நடுவில் தகட்டை நுழைத்து, முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி இழுக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் சக்கரம் அழுத்திய இடம் ஓர் இம்மி அகலும். எங்கே அகல வேண்டும், எவ்வளவு அகல வேண்டும் என்பது கைக்குத்தான் தெரியும். கும்பகோணத்தில் குடம் தட்டும் கன்னார்களைப் பார்த்திருக்கிறவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இதன் பயனாக, ஒரு காரின் கதவைக் கழற்றி இன்னொரு காரில் மாட்டினால் சரியாகப் பொருந்தாது. ஒரே தாயின் பிள்ளைகள்தாம். ஆனால் ஒருவன் சட்டை மற்றவனுக்குச் சேராது.

ஏலம்

பான்ஹாம்ஸ் என்னும் ஏலக் கம்பெனியார் 2000 முதல் பல வருஷங்கள், மே மாதத்தில், அந்தத் தொழிற்சாலையிலேயே ஆஸ்டன் மார்ட்டின் கார்களை ஏலம் போட்டு வந்தார்கள். நான் பார்த்தது அவற்றில் ஒன்று. புது வண்டி உற்பத்தி 2007 ஜூலையில் அங்கே நின்றுவிட்டது; ஏறக்குறைய ஐம்பது வருஷத்தில் அந்த வீதியிலிருந்து பதின்மூவாயிரம் வண்டிகள் வெளியேறியிருந்தன. பழைய வண்டிகளைச் செப்பனிடும் பட்டறை மட்டும் தொடர்ந்து நடக்கிறது.

பந்தலின் கீழ் கார்கள் வரிசையாக நின்றன. கல்யாண வீட்டில் சம்பந்திகள் நகை பார்ப்பதுபோல, ஜனங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்கள். சிலர் மட்டும் தரையில் மல்லாந்து படுத்து, வண்டியின் அடிவயிற்றில் விளக்குப் பிடித்துப் பார்த்தார்கள். விலை கேட்க வந்தவர்கள் அவர்கள்தாம் என்று மாப்பிள்ளை என் காதில் சொன்னார்.

காரணம் எனக்கு, பௌதிகம் கற்பிக்கிறவன் ஆனபடியால், உடனே புரிந்தது. எஃகுக் குழாயின் மேல் அலுமினியத் தகடு. இடையில் ஈரம் புகுந்தால் அங்கே ஒரு மின்கலமே ஏற்பட்டுவிடுகிறது. இரண்டு உலோகம் கூடிய இடத்தில் ஒன்று மற்றொன்றைத் தின்னும். குழாய்களோ தம் பங்குக்குத் துருப்பிடித்துப் போகும். வெளியே வர்ணம் பளபளவென்று இருக்க, உள்ளே எலும்பு பொடியாகியிருக்கும். மனிதர்களிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு அல்லவா?

வெள்ளிச் சாம்பல் நிறத்தில் ஒரு டிபி5 நின்றது. அதன் பக்கத்தில் ஒரு மேஜை. மேஜையின் மேல் தடிமனான ஒரு பழைய கட்டு. முதல் சொந்தக்காரர் வாங்கிய ரசீது, ஒவ்வொரு தடவை எண்ணெய் மாற்றிய பில், டயர் வாங்கிய சீட்டு, வரி கட்டிய கடிதம், யாரோ ஒரு சொந்தக்காரர் பென்சிலால் மைல் கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகம்—ஐம்பது வருஷத்துக் காகிதம் அத்தனையும் அதில் இருந்தன. சட்டத்தில் பொறித்த எண்ணும் என்ஜினில் பொறித்த எண்ணும் தொழிற்சாலையின் பதிவோடு ஒத்திருக்க வேண்டும். கைமாறிய சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். இந்தக் கட்டு இருக்கிற காருக்கு ஒரு விலை. இல்லாத காருக்கு வேறு விலை.

1970-களில் இதே கார்கள் ஆயிரம் பவுனுக்கும் குறைவாகக் கைமாறியதுண்டு. பெட்ரோலை அதிகமாகக் குடிக்கும் பழைய வண்டி என்று எண்ணி, தோட்டத்தில் நிறுத்திக் கோழி அடைத்தவர்களும் இருந்திருக்கலாம். இப்போது நல்ல டிபி5 ஐந்து லட்சம் பவுனுக்கு மேல் போகிறது. பாண்டு சினிமாவின் விளம்பரத்துக்காக ஓட்டிய ஒரு வண்டி 2019-ல் அமெரிக்காவில் 63,85,000 டாலருக்கு ஏலம் போயிற்று.

ஏலக்காரர் சுத்தியலைத் தூக்கினார். கைகள் எழும்பின; புருவங்கள் எழும்பின; டெலிபோனில் யாரோ எந்த நாட்டிலிருந்தோ கேட்டார்கள். மூக்கு அரித்தாலும் சொரியக் கூடாது என்று நான் கைகளை இறுகக் கட்டிக்கொண்டேன். சுத்தியல் விழுந்தபோது அறிவித்த தொகை, நான் ஓய்வு பெறும் வரையில் வாங்கப்போகும் சம்பளம் முழுவதையும் கூட்டினாலும் எட்டாத தொகை.

கிழவரின் கேள்வி

எல்லாரும் கைதட்டினார்கள். என் பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் மட்டும் கைதட்டவில்லை. அவர் அந்தக் காரின் இடது முன்புறத் தகட்டையே கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். ஒரு காது சரியாகக் கேட்கவில்லை. மறு காதுப் பக்கம் வரச்சொன்னார். 1961-ல், பதினைந்து வயதில், தகடு தட்டப் பழகுவதற்காக இந்த வீதிக்கு வந்தவர். காதைப் போக்கியது சுத்தியல் ஓசைதான்.

"ஐயா, நீங்கள் இந்தக் காரை ஓட்டியிருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"வாசல் வரையில் தள்ளியிருக்கிறேன்" என்றார்.

அவர் சொன்னதில் வருத்தமில்லை, உள்ளதைச் சொன்னார். டேவிட் பிரவுன் 1972-ல் கம்பெனியை விற்றதையும், 1974 டிசம்பர்க் கடைசியில் தொழிற்சாலைக் கதவு சாத்தப்பட்டதையும், அடுத்த வருஷம் வேறு சிலர் வாங்கித் திறந்ததையும் விவரமாகச் சொன்னார். பிற்காலத்தில் வந்த எட்டு ஸிலிண்டர் என்ஜின்களின் மேல், அதைப் பூட்டியவரின் பெயரைத் தகட்டில் பொறித்து வைத்தார்களாம். "தகடு தட்டினவனுக்குப் பெயர் கிடையாது. ஆனால் என் கை எனக்குத் தெரியும்" என்று சொல்லி, அந்த முன்புறத் தகட்டின் வளைவை விரலால் காற்றிலேயே வரைந்து காட்டினார். அது அவருடையதுதானா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிறகு அவர் என்னைக் கேட்டார்: "உங்கள் குடும்பத்தில் கார் உண்டா?"

அப்பாவின் அம்பாஸடரைப் பற்றிச் சொன்னேன். ஆக்ஸ்போர்டை அடுத்த காவ்லியில் செய்த மாரிஸ் காரை மாதிரியாகக் கொண்டு வங்காளத்தில் உத்தரபாராவில் செய்த வண்டி என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "நல்ல உறுதியான வண்டி. எத்தனை வருஷம் ஓடிற்று?"

"அப்பா கையில் முப்பத்திரண்டு வருஷம்."

"முப்பத்திரண்டு! அப்படியானால் காகிதங்களெல்லாம் பெரிய கட்டாக இருக்குமே? வைத்திருக்கிறீர்களா?"

நான் பதில் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் அதை 'ஆம்' என்று எடுத்துக்கொண்டு சந்தோஷப்பட்டார்.

வாசகர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காரில்தான் மாயவரத்துப் பெண்கள் எத்தனையோ பேர் நள்ளிரவில் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்தக் கார் ஓடிய காசில்தான் நான் எம்.எஸ்ஸி. படித்தேன். அப்பா ஒவ்வொரு சவாரியையும், ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலையும், ஒவ்வொரு ரிப்பேரையும் நீலக்கோட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தார். 2009-ல் அவர் காலமானார். மூன்று வருஷம் வேப்ப மரத்தடியில் நின்ற காரை, வாசலை அடைக்கிறது என்று சொல்லி, பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டவன் நானே. நோட்டுகளைப் போகிப் பண்டிகையன்று கொளுத்தியவனும் நானே. படித்தவன் செய்த காரியம் அது. 2014-ல் உத்தரபாராவில் அம்பாஸடர் உற்பத்தி நின்றுபோன செய்தியைப் பத்திரிகையில் படித்தபோதுகூட, நான் செய்தது இன்னதென்று எனக்கு உறைக்கவில்லை. டிக்போர்டு வீதியில், காது கேளாத ஒரு கிழவர் கேட்ட கேள்வியில் உறைத்தது.

இரும்புக் கைப்பிடி

ஐந்து லட்சம் பவுன் கொடுத்து வாங்குகிறவர் எல்லாரும் காரை ஓட்டுவதில்லை. பலர் பூட்டி வைக்கிறார்கள்; விலை ஏறக் காத்திருக்கிறார்கள். ஊர் ஊராகப் போவதற்கென்று செய்த வண்டி, குளிர்ந்த கூடத்தில் துணி போர்த்திக்கொண்டு நிற்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் பணத்துக்காகவாவது காத்தார்கள். நான் எதற்காகவும் காக்கவில்லை. அவர்கள் விலை கொடுக்கிறதனால்தான் தகடு தட்டும் தொழிலும் அந்த வீதியில் அழியாமல் இருக்கிறது. நான் திரும்பி வந்த பிறகு, 2017-ல், பழைய டிபி4 ஜிடி மாதிரியிலேயே இருபத்தைந்து வண்டிகளை அங்கே மறுபடியும் செய்யத் தொடங்கினார்கள். 2020-ல் சினிமா டிபி5 மாதிரியில் இன்னும் இருபத்தைந்து. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 4,500 மணி நேர வேலை. பழகிய கைகள் மிச்சம் இருந்ததால்தானே அது சாத்தியமாயிற்று?

ஊருக்குத் திரும்பியதும், அம்மாவிடம் தயங்கித் தயங்கி இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் கொல்லைப்புறம் போனாள். மாட்டுக் கொட்டகையின் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த ஓர் இரும்புக் கம்பியை எடுத்து வந்து, முந்தானையால் துடைத்து, என் கையில் கொடுத்தாள். 'இசட்' எழுத்துப்போல் வளைந்த கம்பி. காலையில் என்ஜின் கிளம்பாதபோது, முன்னால் செருகிச் சுற்றுவதற்கான ஹாண்டில்.

"வண்டியை எடைக்குப் போட்ட அன்றைக்கு இதை மட்டும் எடுத்து ஒளித்து வைத்தேன். உங்கள் அப்பா கை பட்ட இடம் வழவழவென்று இருக்கிறது, பார்" என்றாள்.

இருந்தது. பிடிக்கும் இடத்தில் மட்டும் துருவே இல்லை.

அன்று மாலை ஒரு புது நீலக்கோட்டு நோட்டு வாங்கினேன். அப்பா போன ஊர்கள், ஏற்றிப்போன மனிதர்கள், வழியில் நின்றுபோன இடங்கள் எல்லாவற்றையும் அம்மா சொல்லச் சொல்ல எழுதத் தொடங்கினேன். முதல் பக்கத்தில் வண்டியின் நம்பர் இருக்கிறது. என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு வருஷமும் ஒரு வேலை கொடுக்கிறேன்: வீட்டில் உள்ள பழைய கருவி ஒன்றை எடுத்து, அது யார் கையில் இருந்தது, என்ன வேலை செய்தது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி வர வேண்டும். மார்க்கு கிடையாது. ஆனாலும் எழுதி வருகிறார்கள்.

ஹாண்டில் இப்போது கொட்டகையில் இல்லை. கூடத்தில் அப்பாவின் படத்துக்குக் கீழே இருக்கிறது. கொட்டகைக் கதவுக்கு வேறு முட்டுத் தேட வேண்டியதாயிற்று.